மலையே இல்லாத ஊரின் தலப்படம்: வேதாரண்யத்துப் பழைய சர்வே தாளைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் தலப்படம் படிக்கக் கற்றுக்கொடுத்தபோது ஆசிரியர் கரும்பலகையில் முதலில் ஒரு மலையைத்தான் வரைந்தார். சம உயரக் கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து, விலகி நின்றால் சரிவு, கோடுகள் உள்வாங்கி வளைந்தால் பள்ளத்தாக்கு. தேர்வுக்கு அது போதுமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து வேதாரண்யம் அடங்கிய பழைய தாள் ஒன்றை மேசையில் விரித்தேன். அந்தப் பாடம் அங்கே கைகொடுக்கவில்லை. தாளில் மலை கிடையாது, குன்று கிடையாது. சம உயரக் கோட்டைத் தேடித் தேடிக் கண்தான் வலித்தது.

ஒரு வாரம் அந்தத் தாளோடு இருந்த பிறகுதான் புரிந்தது. மலை நாட்டில் கோடுகள் சொல்லும் செய்தியை இந்தச் சமவெளியில் ஊர்களின் வடிவமும் பெயர்களும் சொல்கின்றன. இரண்டு மூன்று அடி உயர வேறுபாடுதான் இங்கே குடியிருப்பா, வயலா, உப்பளமா என்று தீர்மானிக்கிறது. அந்த இரண்டு அடியைத் தாளில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த வழிகாட்டி. வேதாரண்யத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கடலோரத்திலோ கடைமடையிலோ உங்கள் ஊர் இருந்தால் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் தாளின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களுக்கு எண்ணிடும் முறை ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் புழக்கத்தில் இருக்கிறது. எண் தெரிந்தால்தான் எந்த நூலகத்திலும் கேட்க முடியும். அதைக் கணக்கிட உங்களுக்குத் தேவை ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே.

வேதாரண்யம் ஏறத்தாழ வடக்கு 10 பாகை 22 கலை, கிழக்கு 79 பாகை 51 கலையில் இருக்கிறது. நாட்டை 4 பாகைக்கு 4 பாகையாகப் பெரிய சதுரங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். வடக்கு 8 முதல் 12 வரை, கிழக்கு 76 முதல் 80 வரை உள்ள சதுரத்தின் எண் 58. தமிழ்நாட்டின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். அந்தச் சதுரம் ஒரு பாகை அளவில் 16 கட்டங்களாகப் பிரிகிறது. அவற்றுக்கு ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்துகள். ஒரு விஷயத்தில் எல்லோரும் தவறுவார்கள்: எழுத்துகள் இடமிருந்து வலமாகப் போவதில்லை. மேற்கு ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி. அடுத்த நெடுவரிசையில் மறுபடி மேலிருந்து இ, எஃப், ஜி, எச். இப்படிப் போனால் 79க்கும் 80க்கும் இடைப்பட்ட கடைசி நெடுவரிசையில் எம், என், ஓ, பி வரும். அதில் 10க்கும் 11க்கும் இடைப்பட்டது 'என்'.

அந்தக் கட்டத்தையும் 15 கலை அளவில் 16 ஆகப் பிரித்து, அதே போல் மேலிருந்து கீழாக 1 முதல் 16 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். 79 பாகை 45 கலைக்குக் கிழக்கே இருப்பவை 13, 14, 15, 16. நம் ஊர் 10 பாகை 15 கலைக்கும் 30 கலைக்கும் நடுவில் இருப்பதால் 15. ஆக, தாளின் எண் 58 என்/15. இந்த அட்சரேகையில் ஒரு தாள் நீள அகலத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் அது மேசையில் 17 அங்குலம்.

பக்கத்துத் தாள்களின் எண்களையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். வடக்கே 58 என்/14, மேற்கே 58 என்/11. திருத்துறைப்பூண்டி வேண்டும் என்றால் 58 என்/10. ஊரின் கதை தாளின் ஓரத்தோடு முடிவதில்லை. ஆறு எங்கிருந்து வருகிறது, சாலை எந்தச் சந்தைக்குப் போகிறது என்பதெல்லாம் பக்கத்துத் தாளில்தான் இருக்கும்.

தாள் எங்கே கிடைக்கும்

கடலோரப் பகுதிகளின் தாள்கள் பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்காதவையாக இருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசை ஒன்றை உருவாக்கியது. அதன் 1:50,000 தாள்களை 2017இல் நில அளவைத் துறை தன் 'நக்ஷே' இணையதளத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள வைத்தது; இப்போது எங்கே கிடைக்கின்றன என்று அத்துறையின் இணையதளத்தில் பாருங்கள். அவற்றின் எண்முறை வேறு. இந்தப் பகுதியின் எண் 'சி44' என்று தொடங்கும். இவை புதிய தாள்கள். ஒப்பிடுவதற்கு அவசியம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தாளுக்குப் பல்கலைக்கழகப் புவியியல் துறைகளையும் பெரிய நூலகங்களையும் நாடலாம். வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால், அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் வெளியிட்ட 1:250,000 வரிசை இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை ஒளிநகல் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் என்பதால் சிறிய குளங்கள் தெரியாது. ஆனால் சதுப்பும் வாய்க்காலும் ரயில் பாதையும் எப்படி ஒன்றையொன்று அணைத்துக் கிடக்கின்றன என்பதை ஒரே பார்வையில் காட்ட அதைவிடச் சிறந்த படத்தை நான் பார்த்ததில்லை.

ஊரைத் தேடாதீர்கள், ஓரத்தைப் படியுங்கள்

தாள் கைக்கு வந்ததும் எல்லோரும் தங்கள் தெருவைத் தேடுவார்கள். அரை மணி நேரம் பொறுங்கள். முதலில் தாளின் நான்கு விளிம்புகளையும் படித்து முடியுங்கள்.

அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அச்சாகியிருக்கலாம். நிலத்தில் இறங்கி அளந்த ஆண்டு ஒன்று, தாள் வெளியான ஆண்டு ஒன்று, மறு அச்சான ஆண்டு ஒன்று. இவற்றுக்கிடையே பல பத்தாண்டுகள் இடைவெளி இருப்பதுண்டு. மறு அச்சின்போது புதிய சாலையையோ தண்டவாளத்தையோ மட்டும் சேர்த்துவிட்டு, குளத்தையும் தோப்பையும் பழையபடியே விட்டுவிடுவார்கள். ஆகவே ஒரே தாளில் இரண்டு காலங்கள் கலந்திருக்கக்கூடும். அளந்த ஆண்டைப் பென்சிலால் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஆண்டு கிழிந்துபோயிருந்தால் தலைப்பு உதவும். மாநிலத்தின் பெயர் 'மெட்ராஸ்' என்றிருந்தால் அது 1969க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. மாவட்டம் தஞ்சாவூர் என்றிருந்தால் 1991க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய தாளில் வேதாரண்யம் ஒரு தாலுகாவின் தலைமையிடமாக இருக்காது. அப்போது அது திருத்துறைப்பூண்டித் தாலுகாவில் ஓர் ஊர். தாலுகா எல்லைக்கோட்டைப் பின்தொடர்ந்தால், பத்திரம் பதியவும் வழக்கு நடத்தவும் மக்கள் எந்தத் திசையில் போயிருப்பார்கள் என்று தெரியும்.

அலகையும் பாருங்கள். ஓர் அங்குல வரிசையில் உயரம் அடியில் இருக்கும். பிறகு வந்த 1:50,000 வரிசையில் மீட்டரில் இருக்கும். ஓர் எண்ணைப் பார்த்து "இவ்வளவு மேடா" என்று நான் ஒருமுறை வியந்தேன், அது அடிக்கணக்கு.

கோடு இல்லாத இடத்தில் உயரத்தைப் படிப்பது

ஓர் அங்குல வரிசையில் பொதுவாக 50 அடிக்கு ஒரு சம உயரக் கோடு. பின்னாளைய 1:50,000 வரிசையில் 20 மீட்டருக்கு ஒன்று. வேதாரண்யம் பகுதியில் நிலம் இந்த முதல் கோட்டைக்கூடத் தொடுவதில்லை. ஊருக்குத் தெற்கே உள்ள கோடியக்கரைக் காட்டிலேயே மிக உயர்ந்த இடம் என்று சொல்லப்படும் இராமர் பாத மேடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர்தான்.

ஆகவே வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். சிறு புள்ளியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அது அந்த இடத்தின் உயரம். முக்கோணத்துக்குள் புள்ளி இருந்தால், அது சர்வே துறை முக்கோண அளவைக்குப் பயன்படுத்திய நிலையம். சமவெளியில் இதற்குக் கோபுரங்களும் உதவியிருக்கின்றன. கரைக்கும் மேட்டுக்கும் பக்கத்தில் எண்ணோடு சிறிய 'ஆர்' எழுத்து ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரத்தைக் குறிக்காது. பக்கத்து நிலத்திலிருந்து அந்தக் கரை எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதைக் குறிக்கும். சமவெளியில் இந்தச் சின்ன 'ஆர்' தான் நமக்குக் கிடைக்கும் பொக்கிஷம். ஆற்றங்கரையின் உயரம், குளக்கரையின் உயரம், மணல் மேட்டின் உயரம் மூன்றையும் அதிலிருந்து தொகுத்துவிடலாம்.

அடுத்து, மணல் புள்ளிகள். மணலைப் பொடிப்புள்ளிகளால் காட்டுவார்கள். ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து, புள்ளிகள் எங்கெல்லாம் வரிசையாக ஓடுகின்றனவோ அங்கெல்லாம் பென்சிலால் தடவுங்கள். கடற்கரைக்கு இணையாகப் பட்டை பட்டையாக எழும் வடிவம்தான் இந்தப் பகுதியின் எலும்புக்கூடு.

ஊர்களின் வடிவம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சோழநாட்டின் உள்பகுதித் தாளில் ஒரு கிராமம் எப்படி இருக்கும்? நடுவில் கோயில், சுற்றிலும் தெருக்கள், சிவப்பில் ஒரு திரட்சி, அதைச் சுற்றி மஞ்சள் வயல். வேதாரண்யத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கும் ஊர்கள் இந்த இலக்கணத்துக்கு அடங்குவதில்லை. வீடுகளைக் குறிக்கும் சிவப்புப் பொட்டுகள் நூலில் கோத்த மணிபோல நீண்டு ஓடுகின்றன. நீளத்துக்குப் பொருந்தாத ஒடுக்கமான அகலம். ஓர் ஊர் முடிவது தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. ஊர் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் ஆயக்காரன்புலத்தை முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். பஞ்சநதிக்குளத்துக்குக் கிழக்கு, நடுச்சேத்தி, மேற்கு என்று மூன்று பகுதிகள்.

நீங்கள் தடவி வைத்த மணல் பட்டைகளின் மேல் இந்தச் சிவப்புப் பொட்டுகளைப் பொருத்திப் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் படிப்படியாகப் பின்வாங்கியபோது, ஒவ்வொரு கட்டத்திலும் கரையோரத்தில் ஒரு மணல் மேட்டை விட்டுச் சென்றது. உள்நாட்டில் கிடக்கும் ஒவ்வொரு மணல் மேடும் ஒரு பழைய கடற்கரை. மக்கள் அந்தப் பழைய கரைகளின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே களிமண் படிந்த தாழ்வு நிலம், அங்கே நெல்.

ஏன் மேட்டைத் தேர்ந்தார்கள்? வெள்ளத்துக்குத் தப்ப என்பது பாதி விடை. மீதிப் பாதி குடிநீர். மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. உப்பு நீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் ஒரு பொதுக்கணக்கு. இப்போது அந்த இரண்டு அடி உயர வேறுபாட்டின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். மேட்டில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் ஆழத்தில் குடிநீர். நூறு கஜம் தள்ளிப் பள்ளத்தில் தோண்டியவருக்கு உவர்நீர். தாளில் கிணற்றைக் குறிக்கும் சிறு வட்டங்களையும் குட்டைகளையும் எண்ணுங்கள். அவை எந்தப் பட்டையில் குவிகின்றன என்று பாருங்கள். வேதாரண்யம் புகையிலைக்குப் பெயர் பெற்றதற்கும், மல்லிகையும் மாவும் தென்னையும் இந்த மணலில் செழிப்பதற்கும் அடியில் இருப்பது இந்த நன்னீர்தான்.

பெயர்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தாளில் உள்ள எல்லா ஊர்ப்பெயர்களையும் அவற்றின் விகுதிப்படி பிரித்து எழுதுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம், வீணாகாது.

ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம், கத்தரிப்புலம். இப்படி ஒரே விகுதியில் ஊர்கள் அடுக்கடுக்காக வரும் இடம் இது. புலம் என்றால் விளைநிலம். கள்ளிமேடு, வாய்மேடு என்பவை மேடுகள். வெள்ளப்பள்ளம் என்ற பெயருக்கு உரையே வேண்டாம். கடினெல்வயலில் வயலும் நெல்லும் இருக்கின்றன. மணியன்தீவு என்ற பெயரைக் கேட்டுக் கடலில் தேடாதீர்கள். நீர் சூழும் பருவத்தில் தனித்து நிற்கும் நிலத்தையும் தீவு என்பது இப்பகுதி வழக்கு. பெரியகுத்தகை என்பது நிலத்தின் இயல்பைச் சொல்லவில்லை. நிலம் யாரிடம் எந்த ஏற்பாட்டில் இருந்தது என்ற வருவாய்க் கணக்கைச் சொல்கிறது. வானவன்மகாதேவி என்ற மீனவர் ஊரின் பெயரில் இராசராசனைப் பெற்ற சோழ அரசியின் பெயர் இருக்கிறது.

பெயர்ச் சான்றில் ஆர்வம் அளவு மீறிப்போவதும் உண்டு. கரியாப்பட்டினம் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பட்டினம் என்றால் கடற்கரை ஊர்தானே, ஆகவே கடல் அங்கே இருந்தது என்று ஒருவர் உடனே முடிவு கட்டிவிடலாம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். வாய்க்கால் வழியே படகு வந்தாலும் பட்டினம் ஆகலாம். வணிகர் குடியேறினாலும் ஆகலாம். பெயர் ஒரு கேள்வியை எழுப்பும். மணல் மேடும் கல்வெட்டும் அதற்குத் துணை நின்றால்தான் அது விடையாகும்.

பழைய தாளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டல் இன்றைய பஸ் பலகையோடு ஒத்துப்போகாது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், காதுக்குப் பிடிபட்டுவிடும். வேதாரண்யம் என்ற பெயரே திருமறைக்காட்டின் வடமொழி வடிவம். மறை, காடு இரண்டும் அப்படியே வேதம், ஆரண்யம் ஆகியிருக்கின்றன. தேவாரத்தில் தேடும்போது பழைய பெயரில் தேடுங்கள்.

நீலக் கோடுகள்

நீலத்தில் இரண்டு வகை உண்டு. வளைந்து வளைந்து வருவது ஆறு. அடிக்கோல் வைத்தது போல் நேராகப் போவது மனிதன் வெட்டியது. காவிரியின் கிளைகள் வடமேற்கிலிருந்து இறங்கி வருகின்றன: அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு. விரலை வைத்து ஒவ்வொன்றையும் கடல் வரை பின்தொடருங்கள். கடலுக்கு அருகில் வந்த பின்னும் நேரே கடலில் விழ முடியாமல் இவை திசை மாறுவதைக் காண்பீர்கள். குறுக்கே நிற்பவை அந்த மணல் மேடுகள். பெருமழையில் வெள்ளம் வடிய நாள் கணக்கில் ஆவதன் காரணம் இந்தத் திருப்பங்களில் இருக்கிறது. கடைமடை விவசாயிக்குக் கோடையில் தண்ணீர் வந்து சேராத துன்பமும், மழையில் வந்த தண்ணீர் வெளியேறாத துன்பமும் ஒரே நிலத்தில் ஏன் நேர்கின்றன என்பதை இந்த ஒரு பயிற்சி எனக்குப் புரியவைத்தது போல் எந்தக் கட்டுரையும் புரியவைக்கவில்லை.

கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் நேரான நீலக்கோடு வேதாரண்யம் வாய்க்கால். நாகப்பட்டினத்தையும் இந்தப் பகுதியையும் படகு வழியாக இணைக்க 19ஆம் நூற்றாண்டில் வெட்டியது. தோப்புத்துறை என்ற பெயரில் உள்ள 'துறை'யை இந்த வாய்க்காலோடு சேர்த்துப் படியுங்கள். சாலை சரியாக இல்லாத காலத்தில் உப்பும் நெல்லும் நீர்வழியில்தான் போயின.

உப்பும் தண்டவாளமும் 1930ஆம் ஆண்டும்

ஊருக்குத் தெற்கிலும் மேற்கிலும் சதுப்புக் குறியீடு பெரும் பரப்பில் விரிகிறது. கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டைக் கழிமுகத்தையும் தாண்டி மேற்கே 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் சதுப்பு இது. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறையும். கோடையில் வற்றி உப்புப் பூக்கும். தாளில் இந்தப் பரப்பு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஆனால் அந்த வெறுமையை நோக்கி ஒரு ரயில் பாதை போகிறது. ஆட்கள் குடியில்லாத இடத்துக்கு எதற்கு ரயில்? தாளைப் பார்த்து இப்படிக் கேட்கப் பழகுங்கள். விடை உப்பு.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த மீட்டர்கேஜ் பாதை வேதாரண்யத்தையும் அகஸ்தியம்பள்ளியையும் தாண்டி ஒரு காலத்தில் கோடியக்கரை வரை சென்றது. உங்கள் தாளில் அது எங்கே முடிகிறது என்பதே தாளின் காலத்தைக் காட்டும் ஒரு சான்று. இன்று அகலப்பாதை அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கிலோமீட்டர் கொண்ட அந்தப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளி இராஜாஜி கைதானார். எத்தனையோ கடற்கரை இருக்க ஏன் இந்த ஊர்? சர்தார் வேதரத்தினம் பிள்ளை போன்றோர் இங்கே இருந்தார்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைத் தாள் சொல்கிறது. பெரிய கோயிலும் தங்குவதற்கு வசதியும் உள்ள ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் தானாக விளையும் உப்பு. அளவுகோலை வைத்து ஊருக்கும் உப்புச் சதுப்புக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த நிகழ்ச்சி அப்போது தரையில் வந்து நிற்கும்.

சாலையோரத்தில் காணும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். பி.ஓ. என்றால் தபால் நிலையம், பி.டி.ஓ. என்றால் தந்தி வசதியோடு கூடியது, பி.எஸ். காவல் நிலையம்; ஆர்.எச். ஓய்வு விடுதி, ஆர்.எஃப். காப்புக்காடு. எந்த ஊருக்கு இவற்றில் எது இருக்கிறது என்று அட்டவணை போட்டால், அரசு எந்த ஊரை ஊராக மதித்தது என்று தெரிந்துவிடும்.

தாளின் தெற்கு ஓரம்

வடக்கு தெற்காக வந்த சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை கோடியக்கரை. கோடி என்றால் முனை, பெயரே வரைபடம். அங்கே பச்சைக் காடு, காப்புக்காட்டின் எல்லை, ஒரு கலங்கரை விளக்கம், கோயில் குறி ஒன்று. வீடுகள் மிகச் சில. அந்தக் கோயிலில் இருப்பவர் கோடிக்குழகர். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் இந்தக் கரையில் பக்கத்தில் குடிகள்கூட இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று இறைவனிடம் உருகிப் பாடியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டு சர்வேயர் விட்ட வெறுமையும் சுந்தரர் கண்ட வெறுமையும் ஒரே இடத்தில் விழுவதை முதன்முதலாகக் கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளிமான்கள் திரியும் இந்தக் காடு 1967இல் சரணாலயமானது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பழைய தாளில் இவை எதுவும் இருக்காது, காப்புக்காடு என்று மட்டுமே இருக்கும்.

தாள் சொல்லாதவை

பல தாள்களில் ஊரின் பெயர் ஊருக்கு மட்டும்தான். கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் தாழ்வான பக்கத்தில், பெயரில்லாத இன்னொரு சிவப்புத் திரட்சி இருக்கும். அங்கே வாழ்ந்தவர்களுக்கும் ஊர் இருந்தது, பெயர் இருந்தது. அளக்க வந்தவரிடம் அதைச் சொன்னவர் இல்லை, அல்லது சொல்லியும் எழுதப்படவில்லை. அந்தத் திரட்சிகளை நோட்டில் தனியே குறியுங்கள். நேரில் போகும்போது முதலில் அங்கே போங்கள். உப்பளத் தொழிலாளர்களின் பருவகாலக் குடிசைகளும், மீனவர்கள் படகு இழுக்கும் இடங்களும் இதே போல விடுபட்டிருக்கும்.

இன்றைய படத்தின் மேல் பொருத்துதல்

கட்டணமில்லா வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS) இதற்குப் போதும். தாளில் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை சந்திக்கும் புள்ளிகளைக் குறைந்தது ஆறு இடங்களில் கொடுத்துப் பொருத்துங்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் நீள்கோளக் கணக்கில் அமைந்தவை. இன்றைய செயற்கைக்கோள் படங்கள் வேறு கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் படம் இருநூறு மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போய் உட்காரும். அப்படித் தள்ளிய படத்தைப் பார்த்துவிட்டு, கடல் ஊரைத் தின்றுவிட்டது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. சரிபார்க்கக் கடற்கரையையோ ஆற்றையோ நம்பாதீர்கள், அவை நகர்பவை. வேதாரண்யேசுவரர் கோயிலையும் பழைய சாலைச் சந்திப்புகளையும் வைத்துச் சரிபாருங்கள்.

பொருந்திய பிறகு மூன்று மாற்றங்கள் கண்ணில் படும். சதுப்பில் உப்பளப் பாத்திகள் கட்டம் கட்டமாகப் பரவியிருக்கும். முகத்துவாரங்களின் ஓரம் இறால் பண்ணைகள் தோன்றியிருக்கும். குளங்கள் சில சுருங்கியோ மறைந்தோ போயிருக்கும். தோப்புகளை ஒப்பிடும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பகுதியில்தான் கரை கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. உங்கள் செயற்கைக்கோள் படம் அதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள்.

தாளோடு நடந்து போங்கள்

மழை முடிந்த தை மாதம் நல்லது. பள்ளங்களில் நீர் நிற்கும், மேடும் தாழ்வும் கண்ணுக்குத் தெரியும். கிழக்கு மேற்காக, மணல் பட்டைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்துச் சைக்கிளில் போங்கள். தென்னையும் வீடும் வந்தால் மேடு, வயல் வந்தால் பள்ளம், மறுபடி தென்னை. ஒவ்வொரு ஏற்றத்திலும் மிதியில் லேசான கனம் தெரியும். தாளில் வராத அந்த இரண்டு அடியைக் கால் உணர்ந்துவிடும்.

வழியில் பெரியவர்களைப் பார்த்தால், தாளை நீட்டி "இது எது" என்று கேட்காதீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். "ஐயா, மழைத் தண்ணீர் இங்கிருந்து எந்தப் பக்கம் வடியும்? நல்ல தண்ணீர்க் கிணறு முன்பு எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். கருப்பம்புலம் பக்கம் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டதும் எழுந்து அரை மைல் கூடவே நடந்து வந்து, தூர்ந்துபோன ஒரு குட்டையைக் காட்டினார். என் தாளில் அது ஒரு நீலப் புள்ளி, பெயரில்லாதது. அவர் சொன்ன பெயரைத் தாளின் நகலில் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டேன்.

வீடு திரும்பியதும் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்து, குறித்து வந்த ஒவ்வொரு நீர்நிலைக்கும் சர்வே எண்ணைத் தேடுங்கள். கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அது குட்டை என்றே இருக்கிறதா, வகைப்பாடு மாறிவிட்டதா என்று பாருங்கள். தாளின் ஆண்டு, சர்வே எண், இன்றைய நிலை, பெரியவர் சொன்ன பெயர் என நான்கு பத்திகளில் ஒரு பட்டியல் போட்டு, ஒரு நகலை உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.